அறுவடைக்கும் கவாத்துக்கும் நடுவே

டிசம்பர் 14

கம்பம் பள்ளத்தாக்கில் கோடை மகசூலுக்கான கவாத்து தொடங்கும் மாதம் இது. பச்சை இலையோடு பந்தலில் படர்ந்திருக்கும் பன்னீர்த் திராட்சைக் கொடி மொட்டையாகிறது. இதே மாதத்தில் ஐரோப்பாவின் கொடிகள் தாமே இலையுதிர்த்து நிற்கின்றன. வடசீனத்திலோ உறைபனிக்கு அஞ்சி, கொடியைச் சாய்த்து மண்ணால் மூடிவிடுகிறார்கள். அங்கே கொடியைக் குளிரிலிருந்து காக்க வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகைக்குள் இருக்கும் கம்பத்திலோ, குளிர் வராததால் கொடிக்கு ஓய்வை யார் தருவது என்பதே கேள்வி. கத்தரிதான் இங்கே பனிக்காலம் என்பார்கள். எனக்கு அது தலைகீழாகத் தோன்றுகிறது. வெட்டு கொடியை எழுப்புகிறது, உறங்க வைப்பதில்லை. நுனியின் அடக்குமுறை நீங்கியதும் கீழே இருக்கும் கண்கள் துளிர்க்கின்றன, நான்கு மாதத்தில் குலை பழுக்கிறது. அப்படியானால் இந்த ஊர்க் கொடியின் உறக்கம் எங்கே இருக்கிறது?

டிசம்பர் 29

குளிரே இல்லாதபோது ஓய்வு எதற்கு என்று கேட்கலாம். ஓய்வும் குளிரும் ஒன்றல்ல. நம் மாநில மலரான செங்காந்தள் மழையில் முளைத்து, விதை முற்றியதும் கொடி காய்ந்து, கிழங்காக மண்ணுக்குள் உறங்குகிறது. பனியை அது பார்த்ததே இல்லை. சேமித்ததைச் செலவழித்த செடி மறுபடி சேமிக்க எடுத்துக்கொள்ளும் காலம்தான் ஓய்வு. திராட்சைக்கு அந்தச் சேமிப்பு வேரிலும் தண்டிலும் மாவுச்சத்தாக இருக்கிறது, அதை நிரப்புவது இலை. அடுத்த மகசூலின் குலைக்கருவும் முன்கூட்டியே, இந்த மகசூலின் தளிர் வளரும்போதே, கண்ணுக்குள் உருவாகிவிடுகிறது. ஆகவே பழம் இறங்கிய பின் பந்தலில் நிற்கும் இலை வெறும் நிழல் அல்ல. அறுவடைக்கும் அடுத்த கவாத்துக்கும் இடையே உள்ள அந்த வாரங்கள்தாம் பள்ளத்தாக்கின் பனிக்காலம்.

ஜனவரி 10

வலுவான ஆட்சேபம் வரவு செலவிலிருந்து வருகிறது. 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் மண் இது. நாசிக்கில் ஆண்டுக்கு இரண்டு கவாத்து செய்தும் ஒரே மகசூல், இங்கே இரண்டு மகசூல். சிலர் இரண்டு ஆண்டில் ஐந்து எடுக்கிறார்கள். ஆண்டு முழுவதும் பழம் கிடைப்பதே கம்பத்தின் பெயர், 2023இல் கிடைத்த புவிசார் குறியீடும் அந்தப் பெயருக்கு வலு சேர்த்தது. விலை நன்றாக இருக்கும் மாதத்தைப் பிடிக்க ஒரு மாதம் முன்கூட்டி வெட்டினால் என்ன குறை? வெட்டலாம், கண்களும் விழிக்கும். ஆனால் சேமிப்பு வற்றிய கொடியில் அவை சீராக விழிப்பதில்லை, துளிரில் குலைக்குப் பதில் பற்றுக்கம்பிகள் மிகுகின்றன. ஹைட்ரஜன் சயனமைடு தடவினால் சீராகத் துளிர்க்கும் என்பதும் உண்மைதான். அது உறக்கத்தைக் கலைக்கும் மருந்து, இல்லாத சேமிப்பை உண்டாக்காது. மருந்தைக் கையாள்பவருக்கும் ஆபத்து உண்டு: தோலில் பட்டால் புண்ணாகும், அதோடு மது அருந்தினால் உடல் தாங்காது. ஐந்தாவது மகசூல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெட்டும் நாளைச் சந்தை விலையோ நாட்காட்டியோ தனியாகத் தீர்மானிக்கக் கூடாது என்கிறேன். குச்சி பச்சை மாறிப் பழுப்பேறி முற்றியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பழுப்பேறாத குச்சியுள்ள கொடிக்கு இன்னும் பனிக்காலம் முடியவில்லை.