கயிற்றில் கை வைக்காதவர்

கண்டக்குழிக் கரையில் கரைவலை வந்துகொண்டிருக்கிறது. இரண்டு கயிற்றிலும் ஆட்கள். குதிகால் மணலில் புதையப் புதையப் பின்னோக்கி நடக்கிறார்கள். வள்ளத்து நிழலில், பிளாஸ்டிக் கதிரையில் ஒருவர். தோளைப் பார்த்தாலே தெரிகிறது, கயிற்றில் முன்னுக்கு நிற்கிற ஆள். எழும்பப் பார்க்கிறார்.

"வாணாம் நானா, நீங்க இரிங்க!"

கொழும்பில் அவருக்கு மூக்கு வழியாகக் கபச்சுரப்பிக் கட்டியை எடுத்திருக்கிறார்கள். தலையில் தழும்பே இல்லை. தொடையில் மட்டும் சின்னக் கட்டு. பட்டாணி அளவுச் சுரப்பியில் வளர்ந்த கட்டி, மேலே பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை நெருக்கியதில் பார்வையின் இரு ஓரமும் இருண்டன. பக்கத்தில் வந்த வள்ளம்கூடத் தெரியவில்லையாம்.

1907 இல் ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் ஹெர்மன் ஷ்லோஃபர் இந்த வழியில் போனபோது மூக்கையே வெட்டி ஒரு பக்கம் திருப்பினார். இன்று நாலு மில்லிமீற்றர் தடிப்புள்ள அகநோக்கி நாசித் துவாரத்தால் போகிறது. கட்டி கிடக்கும் எலும்புக் குழிக்கு இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகள். அவ்வளவு ஒடுங்கிய இடம். என்றாலும் எடுப்பதைவிட அடைப்பதைத்தான் நான் பெரிய கைவேலை என்பேன். மூளையைச் சூழ்ந்த நீர் மூக்கால் ஒழுகினால் மூளைக்காய்ச்சலில் கொண்டுபோய் விடும். அதனால் தொடைக் கொழுப்பை வைத்து அடைக்கிறார்கள். நடுமூக்குச் சவ்வை அதன் நாடி அறாமல் உரித்துத் திருப்பி மேலே போர்த்தும் முறை 2006 இல் வெளியானது. பெரிய துவாரங்களில் கசிவு வெகுவாகக் குறைந்தது அதற்குப் பிறகுதான்.

போர்த்திய சவ்வு ஒட்டும்வரை தலைக்குள் அழுத்தம் ஏறக்கூடாது. கயிறு இழுக்கக்கூடாது, குனியக்கூடாது, மூக்குச் சிந்தக்கூடாது. மிச்ச வைத்தியம் இந்தக் கதிரையில் நடக்கிறது.

அஸர் பாங்கு கேட்கிறது. வாளித் தண்ணீரில் ஒளுச் செய்கிறார். மூக்குக்குத் தண்ணீர் இழுக்கவில்லை. நனைந்த விரலால் துவாரத்தின் ஓரத்தை மட்டும் தொடுகிறார். கதிரையிலிருந்தே தொழுகிறார். ஸுஜூதுக்குத் தலை கொஞ்சம்தான் தாழ்கிறது.

முடித்ததும் தும்மல். அடக்காமல் வாயை அகலத் திறந்து விடுகிறார். வெள்ளைக் கைக்குட்டையால் மூக்கை ஒற்றி, வெயிலில் பிடித்து ஈரம் பார்க்கிறார். நாக்கால் உதட்டைத் தொட்டு உப்புக் கரிக்கிறதா என்றும் பார்க்கிறார். கடற்கரையில் அதை எப்படிப் பிரித்தறிவார்? கைக்குட்டை காய்ந்துதான் இருக்கிறது. மடித்து மடியில் செருகுகிறார்.

வலையின் மடி கரையேறுகிறது. அவர் முகம் நேரே கடலைப் பார்த்திருக்கிறது. தலையைத் திருப்பவில்லை.

"டேய், வலப்பக்கம் வலையைத் தூக்குங்கடா, மீன் போகுது!"

இரண்டு பேர் வலப்பக்கம் ஓடுகிறார்கள்.