சக்கரத்தடியில் ஒரு கட்டை

மதுரையில் சித்திரைத் தேரோட்டத்தன்று எல்லார் கண்ணும் வடத்தின் மேலும் தேரின் உச்சியிலும்தான் இருக்கும். நான் பார்க்கப் போனது சக்கரத்தை. மாசி வீதிகளில் சுந்தரேசுவரரின் பெரிய தேர் நகரும்போது, சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே கூட வருகிறார்கள் முட்டுக்கட்டை போடுகிறவர்கள். கட்டையின் ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கியது. சக்கரம் ஏறி ஏறி அந்தச் சரிவில் மரநார் நசுங்கிக் கறுத்திருக்கிறது. தேரை இழுப்பது ஊர். ஓட்டுவது இவர்கள் என்பதே என் கட்சி.

வடம் விசையைக் கூட்டுமே தவிரப் பெருக்காது. ஆளுக்கு 20 கிலோ வீதம் 500 பேர் இழுத்தால் 10 டன் வரும். ஆனால் 500 பேரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை, வடமும் தளர்ந்து முறுகும். நெம்புகோலின் கணக்கு வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் போன்றவற்றில் சக்கரத்துக்குப் பின்னால் தடி போட்டு உந்துவது வழக்கம். 12 அடித் தடிக்கு முனையிலிருந்து 1 அடியில் தாங்குகட்டை வைத்தால், 60 கிலோ ஆள் ஒருவர் மறுமுனையில் தொங்கும்போது சக்கரத்தில் 660 கிலோ விசை விழும். அதற்கு விலை உண்டு: கை 11 அங்குலம் இறங்கினால் சக்கரம் ஏறுவது 1 அங்குலம்தான். பள்ளிப் பாடம் இதை இழப்பாகச் சொல்லிக்கொடுக்கிறது. ஜனக்கூட்டத்துக்கு நடுவே நிற்கும் தேருக்கோ அந்த ஒரு அங்குலம்தான் காப்பு. தடி தேரைக் கிளப்பிவிடும், பாயவிடாது.

முட்டுக்கட்டை இன்னும் நுட்பமானது. சக்கரம் அதன் மேல் ஏற முயலும்போது தேரின் எடையே கட்டையைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. அதனால்தான் ஒற்றை ஆள் வைக்கும் மரத்துண்டு பல டன் தேரை நிறுத்துகிறது. சரிவு அதிகமானால் சக்கரம் கட்டையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். குறைந்தால் ஏறித் தாண்டிவிடும். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முந்தும், தேர் திரும்பும். கீழமாசி வீதி நிலைக்குத் திரும்பி வருவதற்குள் எல்லா மூலைகளிலும் இந்த வேலை நடந்தாக வேண்டும்.

திருச்சி பெல் நிறுவனம் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும், திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறதே, இனிக் கட்டை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரேக்கால் உயிர்கள் பிழைக்கும், அதை வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரேக்கின் வேலை நிறுத்துவது. மூலையில் தேரை அங்குலம் அங்குலமாக வளைக்கும் வேலை அப்படியே இருக்கிறது. பிரேக் வந்த பிறகும் திருவாரூரில் கட்டைக்காரர்கள் சக்கரத்தை விட்டு விலகவில்லை. இது வெறும் பழக்கம், இதில் அறிவு என்ன இருக்கிறது என்பாரும் உண்டு. சரிவு எவ்வளவு, எந்தச் சக்கரத்துக்கு, எந்த நொடியில் என்பதை உருளும் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் முடிவுசெய்கிறவர் கணக்கைத் தாளில் போடவில்லை, அவ்வளவுதான். கை தவறினால் போவது விரலோ காலோ. இவர்களுக்கு விபத்துக் காப்பீடு வேண்டும். அடுத்த தலைமுறை பழகுவதற்கு, வீதியில் கூட்டம் இல்லாத நாளில் வெறுந்தேர் வேண்டும். ஒவ்வொரு தேருக்கும் உரிய கட்டைகளின் நீளம், உயரம், சரிவு ஆகியவற்றை அளந்து கோயில் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.