கக்கூஸ் கெட்ட வார்த்தையா?



நேற்று ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ ஸ்டேஷனில் பேரன் என் காதருகே வந்து, "தாத்தா, ரெஸ்ட்ரூம் போகணும்" என்றான். எனக்கு வேறொரு பையன் நினைவுக்கு வந்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்றாம் வகுப்பு. ஒரு பையன் எழுந்து, "சார், கக்கூஸ் வருது" என்றான். "கிளாஸ்ல பேசுற வார்த்தையாடா இது? ஒழுங்கா கேளு" என்று அதட்டினேன். பாவம், அவனுக்கு வேறு வார்த்தை தெரியாது. நின்ற இடத்திலேயே டவுசரில் போய்விட்டான். வகுப்பே சிரித்தது. நான் அடக்கவில்லை. ஒரு வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை.

பல வருடம் கழித்து, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் அந்தச் சொல்லைப் பார்த்தேன். டச்சுச் சொல் என்று போட்டிருந்தது. 'கக்' என்றால் மலம். 'ஹெய்ஸ்' என்றால் வீடு. ஆங்கில 'ஹவுஸ்' அதன் உடன்பிறப்பு. பழைய ஜெர்மானிய மூலமொழியில் இரண்டும் சேரும் இடம் 'ஹூஸ்'. ஆக, கக்கூஸ் என்றால் மலவீடு. நம் 'கழிப்பறை' போலவே இரண்டு சொல் சேர்ந்த ஒரு சொல், அவ்வளவுதான்.

டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1658-ல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். கோட்டைகள் இடிந்துவிட்டன, சொல் நின்றுவிட்டது. சிங்களத்தில் அது 'கக்குஸ்ஸிய', இந்தோனேசியாவில் 'காக்குஸ்'. 'துட்டு' கூட அவர்களுடைய 'டவுட்' என்ற செப்புக்காசுதான். துட்டைக் கூச்சமில்லாமல் சொல்கிறோம், இதற்கு மட்டும் மூக்கைப் பொத்துகிறோம்.

கக்கூஸ் அசிங்கம் என்று லெட்ரின் என்றோம். அதுவும் நாறியதும் பாத்ரூம், டாய்லெட், இப்போது ரெஸ்ட்ரூம். பெயரை மாற்றினோமே தவிர, அருவருப்பு மாறவில்லை. அந்த அருவருப்பைச் சுத்தம் செய்கிறவர் மேலும் ஏற்றிவிட்டோம். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 2013-ல் சட்டம் வந்தும் சாக்கடைக் குழிச் சாவுகள் நிற்கவில்லை.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதாவது இருக்கும். அவன் சொன்னதில் தப்பே இல்லை. தப்பு என்னுடையது. அன்றே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

இன்று வகுப்பில் நிற்கும் ஆசிரியர்களுக்கு ஒரே வேண்டுகோள். பிள்ளை எந்த வார்த்தையில் கேட்டாலும் முதலில் அனுப்புங்கள். வார்த்தையைத் திரும்பி வந்ததும் திருத்திக்கொள்ளலாம்.