குளிர் வேறு, உலர்வு வேறு

புளோரிடா என்றதும் நம் ஆட்களுக்கு மியாமியும் டிஸ்னி வேர்ல்டும்தான் நினைவுக்கு வரும். அதே மாநிலத்தின் வடமேற்கு ஓரத்தில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி, அடுக்குமாடி ஹோட்டல்கள் அதிகம் எட்டிப் பார்க்காத ஒரு கரை இருக்கிறது. தலைநகர் டல்லஹாசியிலிருந்து தெற்கே இறங்கி 98ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால், ஒரு பக்கம் பைன் காடு, மறுபக்கம் சாலையை ஒட்டியே கடல். ஈஸ்ட்பாயின்ட் என்ற மீனவ ஊரில் வண்டியைத் திருப்பி, ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலத்தைக் கடந்தால் செயின்ட் ஜார்ஜ் தீவு. தீவின் கிழக்குக் கோடி மாநிலப் பூங்கா. வெள்ளை மணல், கடலாமைகள் முட்டையிட ஏறிவரும் கரை, பைன் மரங்களுக்கு நடுவே கேம்பர் நிறுத்தும் இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் உண்டு.

அட்லாண்டாவில் இருக்கும் தங்கை குடும்பத்தோடு ஒரு ஜூலையில் அங்கே போனேன். ஜூலை அந்தக் கரைக்கு ஏற்ற மாதம் அல்ல. ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை அப்போதுதான். கடலும் மணலும் எந்தக் குறையும் வைக்கவில்லை. எங்களைப் படுத்தியெடுத்தது கேம்பருக்குள் சேர்ந்த தண்ணீர்.

மாப்பிள்ளையின் கேம்பர், பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி இழுக்கிற ரகம். நீளம் 25 அடி, அகலம் எட்டு அடி. அதற்குள் இரண்டு படுக்கை, ஒரு சின்ன சமையலறை, ஒரு குளியலறை. கூரையில் 14 அங்குலச் சதுர ஓட்டை போட்டு அதன்மேல் ஏசியை உட்கார வைத்திருக்கிறார்கள். 13,500 பிடியு, அதாவது நம் கணக்கில் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. போய்ச் சேர்ந்தபோது வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். கதவைச் சாத்தி, தெர்மோஸ்டாட்டைத் தரைமட்டத்துக்குத் தள்ளி, விசிறியைத் தொடர்ந்து ஓடவிட்டுப் படுத்தோம். கேம்பர் சீக்கிரமே குளிர்ந்துவிட்டது. பிரச்சினையே அங்கேதான் ஆரம்பித்தது.

நள்ளிரவுக்கு மேல் தங்கை மகள் எழுந்து வந்து, “மாமா, என் தலகாணி நனைஞ்சிருக்கு” என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். கூரையில் காற்று வரும் துவாரத்தின் விளிம்பு முழுக்க நீர்முத்துகள். ஓரத்தில் ஒன்று மெல்லப் பெருத்து, பக்கத்துத் துளியோடு சேர்ந்து, கனம் தாங்காமல் நேராக அவள் தலைமாட்டில் விழுந்தது. சுவரைத் தொட்டால் கை வழுக்கியது. போர்வை நசநசவென்றிருந்தது. தங்கை வைத்திருந்த சின்ன ஈரப்பதமானியில் வெப்பம் 20, ஈரப்பதம் 76. குளிரில் நடுங்கிக்கொண்டே வியர்வைப் பிசுபிசுப்போடு படுத்திருப்பது எப்படி என்று அந்த இரவில் தெரிந்துகொண்டோம்.

காலையில் மாப்பிள்ளை ஜன்னல்களைத் திறந்துவிட்டார். குளிர்காலத்தில் கேம்பருக்குள் ஈரம் கோத்தால் எல்லோரும் சொல்கிற வைத்தியம் அது. குளிர்காலத்துக் காற்று வறண்டது. திறந்தால் ஈரம் வெளியே போகும். ஜூலை மாதத்து வளைகுடாக் கரையில் கதை தலைகீழ். 30 டிகிரி, 80 சதவீதம் என்றால் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. அதே காற்றை 24 டிகிரி, 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் இருப்பது 11 கிராம்தான். அந்தக் கேம்பரின் கொள்ளளவு ஏறக்குறைய 37 கன மீட்டர். உள்ளே இருக்கிற காற்று ஒரு தடவை முழுசாக மாறினால் அரை லிட்டர் தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. கூரை விசிறியைப் போட்டு ‘கெட்ட காற்றை’ வெளியே தள்ளினாலும் இதேதான். தள்ளிய இடத்தை நிரப்ப வெளிக்காற்று இடுக்கு வழியே நுழைந்துவிடும். பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து ஓடுவதைத் தனியாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொட்டியதற்குக் காரணமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. காற்றுக்கு ‘பனிநிலை’ என்று ஒன்று உண்டு. எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஆவி தண்ணீராகிறதோ, அதுதான். அன்று வெளிக்காற்றின் பனிநிலை 26. உள்ளே அந்த இரவில் 16க்குக் கொஞ்சம் கீழே. ஏசியிலிருந்து வரும் காற்றோ 10, 12 டிகிரிக்குக் குளிர்ந்தது. துவாரத்தின் விளிம்பும் அதே குளிரில் இருக்கும். ஈரக்காற்று அதைத் தொட்ட மாத்திரத்தில் தண்ணீராகத்தான் செய்யும். ஐஸ் போட்ட மோர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பதும் இதனால்தான்.

பக்கத்து இடத்தில் அலபாமாவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. நாங்கள் படுக்கைகளை வெயிலில் பரப்புவதைப் பார்த்துவிட்டு அந்தக் கணவர் கேட்ட முதல் கேள்வி: “விசிறி ஆட்டோவில் இருக்கிறதா, ஆனில் இருக்கிறதா?” ஆனில்தான் இருந்தது. அவர் தலையாட்டிவிட்டுக் காரணத்தைச் சொன்னார். கம்ப்ரஸர் ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த காயிலில் தண்ணீராகப் படியும். அது வழிந்து கூரைமேல் இருக்கும் தட்டில் சேர்ந்து வெளியே போக வேண்டும். கேட்ட குளிர் வந்ததும் கம்ப்ரஸர் நின்றுவிடும். ஆனால் காயில் இன்னும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். விசிறி மட்டும் தொடர்ந்து ஓடினால் அந்த ஈரத்தை ஆவியாக்கி மறுபடியும் அறைக்குள்ளேயே ஊதிவிடும். கஷ்டப்பட்டுப் பிடித்த தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கிற வேலை. ஆட்டோவில் வைத்தால் கம்ப்ரஸரோடு விசிறியும் நிற்கும்; தண்ணீர் வடிய நேரம் கிடைக்கும்.

பிறகு ஏணி போட்டுக் கூரைமேல் ஏறினோம். ஏசியின் மூடியைக் கழற்றினால் தட்டு முழுக்கப் பைன் ஊசிகளும் மகரந்தச் சேறும். வடிகால் துளை இருந்த இடமே தெரியவில்லை. இந்தக் கரையில் ஒரு கூரை ஏசி ஒரு நாளில் லிட்டர் கணக்கில் தண்ணீர் பிடிக்கும். வழி அடைத்தால் அது தனக்கு ஒரு வழி தேடிக்கொள்ளும். கேம்பர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் தேக்கம் இன்னும் மோசம். துளையைக் கம்பியால் குத்தி எடுத்து, மட்டப்பலகை வைத்துச் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்தோம். ஏசிக்கும் கூரைக்கும் நடுவே ஸ்பாஞ்ச் போன்ற ஒரு கேஸ்கெட் இருக்கிறது. உள்ளிருந்து நான்கு போல்ட்டுகள் அதை அழுத்திப் பிடிக்கின்றன. நெடுஞ்சாலைக் குலுக்கலில் அவை தளர்ந்துவிடும். ஒரு அங்குல கேஸ்கெட் அரை அங்குலம் ஆகும்வரை, நான்கையும் சமமாக முறுக்க வேண்டும். அதற்குமேல் முறுக்கினால் கேஸ்கெட் செத்துவிடும்.

இதெல்லாம் முடிந்தபோது பிற்பகல் இடிமழை பிடித்துக்கொண்டது. கடலில் இறங்க முடியாது. பாலம் தாண்டி, வளைகுடாவில் ஆறு கலக்கும் இடத்தில் இருக்கும் அப்பலாச்சிகோலாவுக்குப் போனோம். ஒரு காலத்தில் பருத்தி மூட்டைகள் கப்பலேறிய துறைமுகம். இப்போது சின்ன ஊர். அங்கே டாக்டர் ஜான் கோரியின் பெயரில் கைக்கடக்கமான ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கள் நிலைமைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறு கிடைத்திருக்காது.

கோரி 1833இல் இந்த ஊருக்கு வந்தவர். மருத்துவம் பார்த்தார், தபால் அதிகாரியாக இருந்தார், மேயராகவும் இருந்தார். கோடையானால் காய்ச்சலில் ஆட்கள் விழுவார்கள். சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று நம்பிய காலம் அது. கொசு மேல் யாருக்கும் சந்தேகமில்லை. நோயாளிகளின் அறையைக் குளிர வைக்க, கூரையிலிருந்து பாத்திரத்தில் ஐஸைத் தொங்கவிட்டார். குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கும். ஐஸ் வடக்கிலிருந்து கப்பலில் வர வேண்டும், கப்பல் தவறினால் ஐஸ் இல்லை. எனவே காற்றை அழுத்தி, அந்தச் சூட்டைத் தண்ணீரால் தணித்து, பிறகு விரியவிட்டுக் குளிர் உண்டாக்கும் எந்திரத்தை வடிவமைத்தார். 1851 மே 6 அன்று காப்புரிமை கிடைத்தது. பணம் போட ஆள் கிடைக்கவில்லை. 1855இல் நொடித்துப்போய் இறந்தார். எந்திரத்தின் மாதிரி அங்கே நிற்கிறது. நெல் குதிர் போலத் தெரிந்த அதன் முன்னால் மாப்பிள்ளை கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “மச்சான், இவரும் கூரையிலதான் குளிர மாட்டியிருக்காரு. சொட்டாமயா இருந்திருக்கும்?” என்றார்.

கோரியின் எந்திரம் ஜெயித்திருந்தால் நஷ்டப்பட்டிருக்கக்கூடியவர்களில் முதல் ஆள், பாஸ்டனைச் சேர்ந்த ஐஸ் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர். குளத்தில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து உலகமெங்கும் அனுப்பியவர். 1833இல் கல்கத்தாவுக்கு முதல் சரக்குப் போனது. சென்னைக் கடற்கரையில் அவருடைய ஐஸை வைப்பதற்காக 1842இல் எழுந்த கட்டடம்தான் நம் ஐஸ் ஹவுஸ்; பின்னாளில் விவேகானந்தர் தங்கியதால் விவேகானந்தர் இல்லம் ஆனது. சென்னைப் பேருந்தில் ‘ஐஸ் ஹவுஸ்’ என்று டிக்கெட் கேட்டிருக்கிற எனக்கு, அந்த ஐஸின் எதிராளியைப் புளோரிடாவின் ஒரு மூலையில் சந்தித்ததில் தனி மகிழ்ச்சி.

கோரி தேடியது குளிர். ஈரத்தைப் பிடித்தவர் வேறொருவர். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில், கோடைக்காற்றின் ஈரத்தில் காகிதம் உப்பிச் சுருங்கி, ஒரு நிறத்தின்மேல் அடுத்த நிறம் சரியாக விழவில்லை. அதைச் சரிசெய்யத்தான் இளம் பொறியாளர் வில்லிஸ் கேரியர் தன் எந்திரத்தை வரைந்தார். மனிதருக்குக் குளிர் தருவது அவருடைய முதல் நோக்கமே இல்லை. நவீன ஏசி பிறந்தது காற்றை உலர்த்துவதற்கு. நாம் அதை வாங்கும்போது டன் கேட்கிறோம், ஸ்டார் கேட்கிறோம், எவ்வளவு ஈரம் எடுக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

பூங்காவுக்குத் திரும்பியதும் அமைப்புகளை மாற்றினோம். தெர்மோஸ்டாட் 24இல், விசிறி ஆட்டோவில். அளவுக்கு மேல் குளிர வைத்தால், காற்றில் அதே ஈரம் இருந்தாலும் ஈரப்பத சதவீதம் ஏறிவிடும். இடத்துக்கு மிஞ்சிய பெரிய ஏசியும் கேட்ட குளிரைச் சட்டென்று எட்டிவிட்டு நின்றுவிடும்; நீண்ட நேரம் ஓடினால்தான் ஈரம் வடியும். வடிகட்டியை எடுத்துக் கழுவினோம். அது தூசியில் அடைத்தால் காயிலில் பனி கட்டி, பிறகு உருகி, அதுவும் தலையில்தான் விழும். கூரைக்குள் குளிர்காற்றும் திரும்பும் காற்றும் கலந்துவிடாமல் இருக்க இடைத்தடுப்பின் விரிசல்களில் அலுமினிய டேப் ஒட்டினோம். ஈரத் துண்டும் நீச்சல் உடையும் வெளியே கொடியில்.

சமையல்தான் பெரிய பஞ்சாயத்து. குக்கர் விசில் ஒவ்வொன்றும் ஆவி. அதைவிட, எரிவாயு எரிவதே தண்ணீரை உண்டாக்கும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி. “அடுப்ப வெளிய வெச்சா ரக்கூன் வந்து சோத்தத் தூக்கிட்டுப் போயிரும்ணே” என்றாள் தங்கை. சமைத்ததும் உள்ளே எடுத்துவிடுவது என்று ஒப்பந்தம் ஆனது. ரசம் பைன் மரத்தடியில் கொதித்தது.

கடைசியாக ஊருக்குள் போய்க் கம்ப்ரஸர் உள்ள சின்ன ஈரம்நீக்கி ஒன்று வாங்கினோம். கைக்கடக்கமாக விற்கிற மலிவு ரகங்கள் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தால் அதிகம். இந்தக் கரைக்கு அவை உதவாது. டப்பாவில் விற்கும் கால்சியம் குளோரைடு அலமாரிக்குள் வைக்கச் சரி, அறைக்குப் போதாது. 30 ஆம்பியர் இணைப்பில் ஏசி, ஈரம்நீக்கி, மைக்ரோவேவ் மூன்றையும் ஒன்றாக ஓட்டினால் டிரிப் ஆகும் அபாயம் உண்டு என்பதால், காபி சுடவைக்கும்போது ஒன்றை நிறுத்தினோம். மெத்தைக்கு அடியிலும் பார்த்தோம்: பிளைவுட் பலகையில் உடம்பு வடிவத்தில் ஈரத்தடம், ஓரத்தில் பூஞ்சையின் கரும்புள்ளிகள். காற்றோட்டத்துக்கு நடுவே கண்ணறை விரிப்பு ஒன்று போட்ட பிறகுதான் அந்த முடைநாற்றம் போனது.

அன்றிரவு மானியில் 24 டிகிரி, 52 சதவீதம். நான்கு டிகிரி சூடு கூடியிருந்தும் போர்வை போர்த்திக்கொண்டு எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

சென்னையோ தூத்துக்குடியோ, கடற்கரை ஊரில் ஏசி வைத்திருக்கும் யாருக்கும் இது பொருந்தும். சின்ன அறைக்குப் பெரிய டன் வாங்காதீர்கள். 18இல் வைத்துக் கம்பளி தேடாமல், 25இல் வைத்து மழைக்காலத்தில் ‘டிரை’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். கேம்பரில் வளைகுடாக் கரைக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் கூரை ஏசியின் வடிகாலையும் நான்கு போல்ட்டுகளையும் பாருங்கள். கையோடு ஒரு ஈரப்பதமானியும் எடுத்துக்கொள்ளுங்கள். விலை பத்துப் பதினைந்து டாலர்தான்.