இழுப்பறையில் இருந்த குரல்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை நம்மில் எவரும் எளிதில் மறந்துவிட மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரைபுரண்டு ஓடியது. அப்போது நான் ஆற்றை ஒட்டிய ஒரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளம் வாசற்படி ஏறியவுடன் முதலில் நற்கருணையை மாடிக்குக் கொண்டு சென்றேன். அடுத்து, திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைக் கோவில்பிள்ளையும் நானுமாகச் சுமந்து ஏற்றினோம். அதன் பிறகுதான் என் மேசை இழுப்பறை நினைவுக்கு வந்தது. அதற்குள் கீழ்த்தளத்தில் இடுப்பளவுத் தண்ணீர்.

அந்த இழுப்பறையில் இரண்டு வன்தட்டுகள் இருந்தன. அவற்றில்தான் என் தந்தையின் குரல் இருந்தது.

என் தந்தை ஒரு சிற்றூரில் உபதேசியாராகப் பணியாற்றியவர். தவக்காலம் தொடங்கிவிட்டால் மாலைதோறும் கோவில் முற்றத்தில் அவருடைய புலம்பல் பாடல் கேட்கும். எழுத்தில் இல்லாத மெட்டு அது. தம் தந்தையிடம் செவிவழியாகக் கற்றது. 1987-இல் நான் குருமட மாணவனாக விடுமுறைக்கு வந்தபோது, இரவல் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் அதைப் பதிவு செய்தேன். 1995-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அந்த ஒலிநாடாவிலிருந்தே என் சேகரிப்பு தொடங்கியது. சென்ற பங்குகளிலெல்லாம் பாடகர் குழுக்களின் பாடல்கள், கொடியேற்ற நாள் பாடல்கள், கிறிஸ்து பிறப்பு விழா வில்லுப்பாட்டு, மூதாட்டியர் பாடிய மாதா தாலாட்டு எனக் கேட்டுக் கேட்டுப் பதிந்தேன். ஒலிநாடாக்கள் நான்கு தகரப் பெட்டிகளை நிறைத்தன.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் ஆகும் ஒரு குருவுக்கு நான்கு தகரப் பெட்டிகள் பெரும் சுமை. எனவே 2009 முதல் மூன்று ஆண்டுகள், இரவு செபத்துக்குப் பின் ஒவ்வொரு நாடாவாக ஓடவிட்டுக் கணினியில் ஏற்றினேன். ஒலியைச் சுருக்கிச் சேமிக்க இருவகை முறைகள் உண்டு. எம்பி3 என்பது, மனிதச் செவி பெரும்பாலும் கவனியாது என்று கணித்த பகுதிகளை நீக்கிவிட்டு மிச்சத்தைச் சேமிப்பது. நீக்கியது நீக்கியதே, திரும்ப வராது. ஃபிளாக் என்பது எதையும் இழக்காமல் மடித்து வைப்பது. விரித்தால் முழுமையாகக் கிடைக்கும். வழக்கமான எம்பி3 ஒரு நிமிடப் பாடலுக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் இடம் கொள்ளும். ஃபிளாக் அதைப் போல் ஐந்து மடங்கு வரை கேட்கும். நான் ஃபிளாக்கையே தேர்ந்தேன். 3,800 பாடல்கள் நூறு ஜிகாபைட்டுக்குள் அடங்கின. கையடக்கமான வன்தட்டில் ஒரு படி, அதே போன்ற மற்றொன்றில் இன்னொரு படி. இனி என்ன கவலை என்று எண்ணி, நாடாக்களைப் பழைய பொருள் வாங்குபவரிடம் போட்டுவிட்டேன்.

நான் செய்த பிழைகளை இப்போது ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க முடிகிறது. மூலத்தை அழித்தேன். இரண்டு படிகளையும் ஒரே இழுப்பறையில் வைத்தேன். வெள்ளம் வடிந்தபின் செய்தது எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை. வன்தட்டுகளைத் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மின்னிணைப்புக் கொடுத்தேன். கீறல் ஒலி கேட்டது; பிறகு மௌனம். வன்தட்டினுள் நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ தகடு சுழல்கிறது. அதைப் படிக்கும் முனை, தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் அதன்மேல் மிதக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு மண்துகள் போதும். நனைந்த வன்தட்டை இயக்கிப் பார்க்காமல், தகவல் மீட்பவர்களிடம் அப்படியே கொடுத்திருந்தால் ஓரளவு தேறியிருக்கும் என்று பின்னர் சொன்னார்கள்.

இதில் என்னை நாணச் செய்த ஒன்று உண்டு. நான் பதறிச் சுமந்த பதிவேடுகளைப் பற்றிக் குருமடத்தில் படித்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் பங்குப் பதிவேடுகளின் சான்றளிக்கப்பட்ட படியை ஆயரகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு பணித்தது. பங்கு இல்லம் எரிந்தாலும் நனைந்தாலும் ஒருவர் பெற்ற திருமுழுக்கின் சான்று அழியக் கூடாது என்ற முன்மதி அது. கணினி அறிஞர்கள் இன்று வலியுறுத்தும் விதியும் இதுவே: மூன்று படிகள், இரண்டு வேறுவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் இதை 3-2-1 விதி என்று பரப்பினார். சட்டத்தைப் பாடமாகப் படித்து மதிப்பெண் வாங்கிய நான், அதை என் இழுப்பறைக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம், ஓர் இரவில் குவைத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. என் முந்தைய பங்கில் கீபோர்டு வாசித்த இளைஞர்.

“ஃபாதர், வெள்ளத்துல உங்க பாட்டெல்லாம் போயிட்டுதுன்னு அம்மா சொன்னாங்க. எங்கிட்ட கொஞ்சம் இருக்கு. நீங்க திட்டுனீங்களே, அந்தப் பென்டிரைவு...”

நினைவு வந்தது. 2014-இல் ஒருநாள், நான் நோயில்பூசுதலுக்குச் சென்றிருந்த நேரத்தில் என் கணினியிலிருந்து அவர் பாடல்களைப் படியெடுத்தார். திரும்பி வந்து பார்த்ததும், கேட்காமல் எடுத்தது திருட்டு என்று பாடகர் குழுவின் முன்னிலையிலேயே கடிந்துகொண்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அதற்கு முன்பும் பலர் கேட்டார்கள். தாலாட்டுப் பாடிய மூதாட்டியின் பேத்தியே கேட்டார். “பிறகு பார்ப்போம்” என்று அனுப்பினேன். பாதுகாக்கிறேன் என்ற பெயரில் பூட்டி வைத்தேன்.

இளைஞரிடம் இருந்தவை ஏறத்தாழ 900 பாடல்கள். நான்கு ஜிகாபைட் பென்டிரைவில் கொள்ளும்படி எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கியிருந்தார். பிறகு மடிக்கணினி வாங்கியபோது அதற்கும், கைப்பேசி மாற்றியபோது அதற்கும், தம்பியின் கணினிக்குமாகப் படிகள் பெருகியிருந்தன. பென்டிரைவு எப்போதோ பழுதாகிவிட்டதாம், பாடல்கள் பிழைத்தன.

தாலந்து உவமையைப் பற்றி எத்தனை மறையுரைகள் ஆற்றியிருப்பேன்! நிலத்தைத் தோண்டிப் புதைத்தவன் சோம்பேறி என்று மட்டுமே இதுவரை விளக்கி வந்தேன். அவன் தன்னை மிகுந்த எச்சரிக்கையுள்ளவன் என்றுதான் எண்ணியிருக்க வேண்டும் என்பது அந்த இரவில் புரிந்தது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். பனையோலை காலத்தால் செல்லரிக்கும்; எனவே தலைமுறைதோறும் படியெடுத்தார்கள். படியெடுக்க ஆளில்லாத ஏடுகள் ஆற்றோடும் நெருப்போடும் போயின என்பதை உ.வே. சாமிநாதையர் வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். இன்றைய சாதனங்கள் ஓலையை விடக் குறைந்த ஆயுள் உடையவை. நாம் எழுதும் குறுந்தகட்டின் சாயம் மங்கும். பென்டிரைவில் மின்னேற்றமாக நிற்கும் தகவல் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டால் கசியும். இணையச் சேமிப்பையும் ஒரே ஊன்றுகோலாகக் கொள்ளலாகாது. மைஸ்பேஸ் தளத்தில் மக்கள் பல ஆண்டுகளாக ஏற்றிய பாடல்கள், வழங்கிக் கணினிகளை மாற்றும்போது தொலைந்துபோனதாக 2019-இல் செய்தி வந்ததே! தானாக ஒத்திசைக்கும் வசதியைக் காப்புப்படி என்று நம்புவதும் தவறு. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பெயரில்லாத பாடலும் தொலைந்த பாடலே. தொடக்கத்தில் கோப்புகளுக்குப் பழைய தமிழ் எழுத்துருவில் பெயரிட்டிருந்தேன். யூனிகோட் வந்தபின் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றின. மீண்ட 900 பாடல்களில் இருநூறுக்கு மேற்பட்டவற்றை யார், எந்த ஊரில் பாடினார் என்று அடையாளம் காண, பழைய பங்குகளுக்கு நேரில் செல்ல நேர்ந்தது. “இது எங்க சின்னம்மை குரல் சாமி” என்று ஒருவர் கண்கலங்கியபோது, நான் அவர்களுக்கு எவ்வளவு காலம் கடன்பட்டிருந்தேன் என்று உணர்ந்தேன். சென்ற இடமெல்லாம் ஒரு படி கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது ஒரு படி என்னிடம், ஒன்று மதுரையில் என் தங்கை வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். ஆண்டுதோறும் நவம்பர் 22, இசைக்கலைஞரின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று மூன்றையும் திறந்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பாடல்களையேனும் முழுமையாகக் கேட்கிறேன். திறந்து பார்க்காத படியைப் படி என்று நம்பியிருக்க முடியாது.

என் தந்தையின் பாடல் அந்த 900-இல் இருந்தது. சுருக்கியதில் குரலின் மேல்தாயி சற்றே மெலிந்து, தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கிறது. அதைச் சரிசெய்ய இயலாது; என் பூட்டுக்கு நான் கொடுத்த விலை அது. சென்ற பெரிய வெள்ளியன்று எங்கள் பாடகர் குழுவின் பெண்பிள்ளை ஒருத்தி அந்த மெட்டைக் கேட்டுக் கற்றுப் பாடினாள். இரண்டு இடங்களில் அவளாகவே வளைத்துப் பாடினாள். என் தந்தையும் தம் தந்தையிடம் அப்படித்தான் கற்றிருப்பார் என்று எண்ணித் திருத்தாமல் விட்டேன்.

பதிவின் இறுதியில் பாடல் முடிந்து ஓர் இருமல் கேட்கும். பின்பு, குருமட மாணவனான மகனை ஊரார் முன் அழைக்கும் அதே மரியாதையோடு அவர் கேட்பார்: “பதிஞ்சிட்டா, பிரதர்?”

அன்று கருவியின் பொத்தானைப் பார்த்துவிட்டு, “பதிஞ்சிட்டுதுப்பா” என்று சொன்னேன். அந்தப் பதிலை உண்மையாக்க எனக்கு முப்பத்தாறு ஆண்டுகளும் ஒரு வெள்ளமும் தேவைப்பட்டன.