பழுது எங்கே?

எங்கள் வீட்டு மாருதி ஆம்னி வேனுக்கு வயது முப்பதை நெருங்குகிறது. வாப்பா சவூதியிலிருந்து ஊர் திரும்பியபின் வாங்கியது. அவர் மறைந்து பதினோர் ஆண்டுகள் கடந்தும் அதனை விற்க எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் இன்றும் பாடுகின்ற ஒரே கேசட் பெட்டி அந்த வேனில் இருப்பதுதான் என்பதும் அதற்கொரு காரணம்.

1980களில் வளைகுடா நாடுகளில் உழைத்தோர் பலர், கடிதம் எழுதுவதோடு கேசட்டில் பேசியும் அனுப்புவார்கள். விடுமுறையில் ஊர் வருவோரின் பெட்டியில் அது வந்து சேரும். வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலம் அது. 1986இல் ஜித்தாவிலிருந்து வாப்பா அனுப்பிய கேசட் ஒன்றை உம்மா தம் டிரங்குப் பெட்டியில் பாதுகாத்து வந்தார். சென்ற மாதம், அதைக் கேட்க வேண்டும் என்றார்.

வேனில் போட்டோம். கரகரவென்ற இரைச்சலுக்கிடையே ஏதோ முனகல். "இது உங்க வாப்பா குரலே இல்லை" என்று கூறி உம்மா இறங்கிவிட்டார். நாடா கெட்டுவிட்டது, இனி எறிய வேண்டியதுதான் என்று நான் முடிவு கட்டினேன்.

ஆயினும் மனம் ஒப்பவில்லை. டேஷ்போர்டின் இருபுறமும் பதித்திருந்த நான்கு அங்குல ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளாகக் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில் காகிதக் கூம்புகள் மொறுமொறுத்து, ஓரங்கள் கிழிந்திருந்தன. பழையவற்றின் முதுகில் நான்கு ஓம் என்று இருந்தது. அதே அளவில் புதியன வாங்கி நானே பொருத்தினேன்.

இரைச்சல் நின்றது. குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கனமற்று ஒலித்தது.

மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன், டேப்பின் பின்புறத்தில் கம்பிகளைப் பிரித்து, ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு கணம் தொட்டுக் காட்டினார். வலப்புறக் கூம்பு வெளியே எழுந்தது. இடப்புறக் கூம்பு உள்ளே ஒடுங்கியது. நான் ஒரு பக்கத்தில் கம்பிகளை மாற்றிக் கொடுத்திருந்தேன்! ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுத்துக் கொண்டது. அதனால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிட்டன. ஆண்குரலின் கனம் அவற்றில்தானே இருக்கிறது!

மஃரிபுக்குப் பின் உம்மாவை மீண்டும் வேனில் அமர்த்தினேன். ஸலாம் கூறித் தொடங்கியது வாப்பாவின் குரல். வீட்டில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்துவிட்டு, "சின்னவனுக்குச் செருப்பு வாங்கியிருக்கேன். அளவு சரியா இருக்குமோ என்னவோ. எவ்வளவு வளர்ந்திருக்கானோ" என்றது.

சின்னவன் நான்தான். உம்மா முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டு, "அந்தச் செருப்பு உனக்குப் பத்தவே இல்லை வாப்பா. அவங்ககிட்டே நான் சொல்லலை" என்றார்.

கேசட்டைக் கைப்பேசியில் பதிவு செய்துவிட்டோம். ஆயினும் உம்மா கேட்க விரும்புவது வேனில்தான். பேசியவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகத்தான் பேசியிருக்கிறார். பழுது நாங்கள் கேட்ட கருவியில் இருந்தது. பிறகு என் கையில் இருந்தது. அதை அறியாமல் அந்தக் குரலையே எறியத் துணிந்தேனே என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நடுங்குகிறது.