இரு பெடல்களுக்கு ஒரு பாதம்

காரோட்டும் கலையில் ‘ஹீல்-டோ’ என்று வழங்கும் ஒரு வித்தை உண்டு. பெயரைக் கேட்பவர்க்குக் குதிகாலும் விரல்நுனியும் ஆளுக்கொரு வேலையைப் பகிர்ந்துகொள்ளும் போலும் என்று தோன்றும். நடைமுறையில் குதிகாலுக்குப் பெரும்பங்கு இல்லை. வலப்பாதத்தில் பெருவிரலுக்குக் கீழுள்ள தசைமேடு பிரேக் பெடலின் வலவிளிம்பை அழுத்தியபடி நிற்க, அதே பாதத்தின் வெளிவிளிம்பு சற்றே உருண்டு ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி மீளவேண்டும். அந்நேரம் இடக்கால் கிளட்சை மிதித்திருக்கும். இடக்கை கியரைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். சொல்வதற்கு இரண்டு வாக்கியம். நாற்பதைக் கடந்த ஒரு தமிழாசிரியரின் கணுக்காலுக்கு அது மூன்று மாதம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். கார் ஒரே வேகத்தில் செல்லும்போது கியரைக் குறைத்தால் எஞ்சின் இன்னும் விரைந்து சுழலவேண்டும், இது வெறுங்கணக்கு. நாம் பழகியது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் அறிமுகமான, இரண்டே இருக்கை கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். அதன் ஐந்து கியர்ப் பெட்டியில் மூன்றாம் கியரின் விகிதம் 1.330, இரண்டாவதன் விகிதம் 1.888. மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும் எஞ்சின், வேகம் மாறாமல் இரண்டாவதுக்கு இறங்கினால் ஏறத்தாழ 5,680 சுற்றுக்கு உயரவேண்டும். கிளட்சை மிதித்த கணத்திலோ அது எதிர்த்திசையில் தணியத் தொடங்கிவிடுகிறது. அந்நிலையில் கிளட்சை விட்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஈடுகட்டும் சுமை பின்சக்கரங்களின் தலையில் விழும். வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. பின்சக்கரங்கள் தரையை இலேசாகவே பற்றியிருக்கின்றன. அப்போது அவற்றைப் பிடித்திழுத்தால் வண்டியின் வால் வழுக்கும். ஆகவே கிளட்சை விடுமுன் எஞ்சினை ஒரு தட்டில் உயர்த்திவிடவேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவும் கூடாது. எனவேதான் இரண்டுக்கும் ஒரே பாதம்.

யாப்பு நடத்திப் பழகிய நமக்கு இதற்கென ஒரு சொல் கைவசம் இருந்தது: தளை. நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் உரியபடி பொருந்தினால் ஓசை தடையின்றி ஓடும். பொருந்தாவிடில் தளை தட்டும், செவி இடறும். சுற்று பொருந்தாத கியர் மாற்றத்தில் கழுத்து முன்னே சென்று திரும்புவதும் அவ்வகை இடறலே. பாதத்தின் வேலையோ சிலேடை. காளமேகம் பாடிய சிலேடைகளில் ஒரே தொடர் இரு பொருளையும் முழுமையாகத் தாங்கி நிற்கும். ஒன்று மற்றொன்றின் பங்கைத் தின்னாது. ஆக்சிலேட்டரைத் தட்டும்போது பிரேக்கின் அழுத்தம் கூடினாலோ குறைந்தாலோ சிலேடை கெட்டது. (இவ்வொப்புமையை வகுப்பில் சொன்னபோது மாணவர்க்குச் சிலேடை விளங்கிற்றோ இல்லையோ, கார் விளங்கிவிட்டது.)

வண்டி நம்முடையதன்று. மனைவியின் தம்பி ஈப்போவில் பட்டறை வைத்திருக்கிறார். பழைய ஜப்பானியக் கார்களைச் செப்பனிடுவது அவர் தொழில். இந்தச் சிவப்பு வண்டி அவருடைய ஆசை. நாம் பள்ளி விடுமுறைப் பையனைப்போல் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று நின்றபோது அவர் சாவியைத் தரவில்லை. ஓர் அளவுகோலைத் தந்தார்.

“முதல்ல பெடலைப் பார்ப்போம் அத்தான். கால் அப்புறம்.”

சாவியைக் காட்டிலும் அந்த அளவுகோல் கற்பித்தது அதிகம். கால் வைக்காத நிலையில் பெரும்பாலான கார்களில் பிரேக் பெடல் ஆக்சிலேட்டரைவிட உயரமாகவே நிற்கும். அந்த உயரம் நமக்குப் பொருட்டன்று. உண்மையாகவே பிரேக் பிடிக்கும்போது பெடல் எவ்வளவு தாழ்கிறதோ, அந்த மட்டத்துக்கு ஆக்சிலேட்டர் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. அதையும் எஞ்சினை ஓடவிட்டே அளக்கவேண்டும். எஞ்சின் நின்றிருக்கையில் பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்தால், காலுக்குத் துணைநிற்கும் வெற்றிட விசை தீர்ந்துபோய்ப் பெடல் கல்லாகிவிடும். அப்போது எடுக்கும் அளவு பொய். எஞ்சின் ஓட, வளைவுக்கு முன் எப்படி அழுத்துவோமோ அப்படி அழுத்திப் பிடித்தோம். அவர் கீழே குனிந்து அளந்தார். ஆக்சிலேட்டர் கிட்டத்தட்ட இரண்டு விரற்கடை ஆழத்தில் கிடந்தது. நம் கணுக்கால் அவ்வளவு தூரம் உருளாது.

இவ்விடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. பிரேக் பெடலைத் தாழ்த்தலாம், ஆக்சிலேட்டரை உயர்த்தலாம். முதலாவது எளிது போலத் தோன்றும். பிரேக் பெடலின் பின்னுள்ள தள்ளுதண்டில் ஒரு நட்டைத் தளர்த்தித் தண்டைத் திருகினால் உயரம் மாறும். ஆனால், பெடல் தன் வேலையைத் தொடங்குமுன் சில மில்லிமீட்டர் வெறுமனே அசையவேண்டும். பட்டறைகளில் இதைப் ‘பிரீ ப்ளே’ என்பர். திருகும்போது அந்த அசைவு அற்றுப்போனால் மாஸ்டர் சிலிண்டர் முழுதாகப் பின்வாங்காது; குழாயிலுள்ள பிரேக் ஆயில் திரும்பவேண்டிய துளை அடைபடும்; காலை எடுத்த பிறகும் பிரேக் பற்றியபடியே சூடேறும். சூடேறிய ஆயில் விரியும், இன்னும் இறுகப் பற்றும். ஓட்டுபவர் ஏதும் அறியார். பிரேக் விளக்குக்குரிய சுவிட்சும் அந்தப் பெடலோடு பிணைந்தது; பெடலின் இடம் மாறினால் பின்னால் வருபவர்க்கு விளக்கு பொய் சொல்லும்.

“பிரேக்குல நான் கை வைக்கமாட்டேன் அத்தான். ஆக்சிலேட்டரைத்தான் மேல கொண்டாரணும்.”

எனவே அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி, ஆக்சிலேட்டரின் முகத்தில் புதையாணிகளால் முடுக்கினார். இடப்பக்கத்தில் தகடு அகலமாகவும் கீழே சற்று நீண்டும் இருக்கும்படி அறுத்திருந்தார். பாதம் உருளும்போது தேடாமல் கிடைக்கவேண்டும் என்பது கருத்து. அதற்குமேல் சோதனைகள். பெடலை முழுதாக மிதித்தால் எஞ்சினின் த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா? தகட்டின் கீழ்விளிம்பு தரைவிரிப்பில் சிக்குகிறதா? பதறிப் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது பாதம் தவறியும் ஆக்சிலேட்டரைத் தொடுகிறதா? இக்கடைசிச் சோதனைக்காகத் தகட்டை இருமுறை கழற்றித் தேய்த்தார். வித்தைக்கு வசதியான பெடல் ஆபத்துக் காலத்தில் எமனாகக் கூடாது. பெடல்களை நெருக்கி வைத்துத் தரும் அலங்காரத் தகடுகள் கடைகளில் விற்கின்றன. மேற்சொன்ன அளவுகளை எடுக்காமல் அவற்றை வாங்கிப் பூட்டுவோரைக் கண்டால் நமக்கு அச்சமே உண்டாகிறது.

இன்னொன்றும் அறிந்தோம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. பழைய ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழ் விடும். பெடல் பஞ்சுபோல் தாழும். இன்று ஒரு மட்டத்திலும் நாளை வேறொரு மட்டத்திலும் நிற்கும் பிரேக்கின் அருகில் ஆக்சிலேட்டரை எந்த உயரத்தில் வைப்பது? ஆகவே ஹீல்-டோ பயிலும் முன் ஆயிலை மாற்றவேண்டியதாயிற்று.

பயிற்சி தொழிற்பேட்டைத் தெருக்களில், ஞாயிறு விடியலில், ஆளரவம் அற்ற நேரத்தில் நடந்தது. அயர்ட்டன் சென்னா ஜப்பானின் சுசூகாவில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரை ஓட்டும் ஒரு படச்சுருள் உண்டு. பெடல்களருகே வைத்த காமிராவில் சாதாரணத் தோல் காலணியும் வெள்ளைக் காலுறையுமாக அவர் பாதம் தெரியும். அதைப் பலமுறை பார்த்தோம். பாதம் துள்ளுவதில்லை என்பதே அதில் வியப்பு. மனைவியின் தம்பியோ சென்னாவைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. “பிரேக்குக்குத்தான் முதல் பங்கு. மிச்சமிருந்தா ஆக்சிலேட்டருக்குக் குடுங்க” என்பதே அவருடைய முழுப் பாடமும்.

இவ்வித்தைக்கு இனித் தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும். எம்எக்ஸ்-5 வெளிவந்த அதே 1989இல், பிரேசில் பந்தயத்தில் நைஜல் மான்செல் ஓட்டி வென்ற ஃபெராரி 640இல் ஸ்டியரிங்குக்குப் பின்னிருந்த துடுப்புகளே கியர் மாற்றின. நிஸ்ஸான் 370இசட் காரில் கியர் கையால் மாற்றுவதாயினும் எஞ்சின் சுற்றைக் கணினியே பொருத்திவைத்தது. நம் செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஓடிய ஃபார்முலா ஒன் வண்டிகளும் துடுப்பு வகையே. அழிந்துவரும் ஒன்றையே நாம் முயன்று கற்றோம். வெண்பா எழுதக் கற்பதும் அவ்வாறுதானே என்று சமாதானம் கொண்டோம்.

கால் ஓரளவு படிந்தபின், தந்தையாரை அருகில் அமர்த்திக்கொண்டு கேமரன் மலைக்குச் சென்றோம். தாப்பாவிலிருந்து ரிங்லட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய சாலை அவர் சாலை. 1970களில் மலைக் காய்கறிகளை ஏற்றிக்கொண்டு அவ்வழியே லாரியில் இறங்கியவர் அவர். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை; வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். திரும்பி இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பாதம் உருண்டது, எஞ்சின் உறுமிற்று, கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. தந்தையார் ஏதும் பேசவில்லை. தாப்பாவில் தேநீருக்கு அமர்ந்தபோதுதான் வாய் திறந்தார்.

“நீ பாதி வேலைதான் செய்யிற தம்பி. நடுவுல கிளட்ச்சை ஒருதரம் விட்டுப் புடிக்கலையே.”

அவர் கேட்டது சரி. அவருடைய லாரியின் கியர்ப் பெட்டியில், இன்று கையால் கியர் மாற்றும் கார்களில் உள்ள சிங்க்ரோமெஷ் கிடையாது. பற்சக்கரங்களின் வேகத்தை ஓட்டுநரே சமன்செய்ய வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைத் தட்டி, மீண்டும் மிதித்து, அதன்பின் கியர். கிளட்சை மிதித்தபடியே தட்டினால் எஞ்சின் மட்டுமே உயரும். பெட்டிக்குள்ளிருக்கும் தண்டுக்கு அந்தச் செய்தி போவதில்லை. நம் வண்டியில் அந்த மிச்ச வேலையைச் சிங்க்ரோமெஷ் சத்தமின்றிச் செய்துகொள்கிறது. மூன்று மாதம் பயின்றும் நாம் எண்ணிப்பாராத இதை, அவர் இருக்கையின் அதிர்விலிருந்தே எடுத்துவிட்டார்.

இறக்கத்தில் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு இவ்வளவும் செய்தீர்களா, அப்படியானால் நீங்களும் ஹீல்-டோ தானே செய்திருக்கவேண்டும் என்று ஆவலோடு வினவினோம். வியப்போடு பார்த்தார்.

“இறக்கத்துல போயி எவனாச்சும் கியர் தேடுவானா? மேலேயே, சமதரையிலேயே போட்டுடணும். பாதியில கியர் விழலேன்னா வண்டி நியூட்ரல்ல ஓடும். பின்னால அத்தனை டன் முட்டைக்கோசு. பிரேக்கு எவ்வளவு நேரம் தாங்கும்?”

பிறகு அவ்வழியில் பிரேக் தாங்காமற்போன இரண்டு லாரிகளைப் பற்றிச் சொன்னார். அவற்றில் ஒன்றின் ஓட்டுநர் அவரோடு ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர். பெயரைச் சொல்லிவிட்டுத் தேநீரை ஆற்றினார்.

வளைவின் வாசல்வரை விரைந்து சென்று, கடைசிக் கணத்தில் பிரேக்கையும் கியரையும் ஒருசேர முடிக்க விரும்புகிறவனுக்கே இந்த ஒரு பாத வித்தை வேண்டும். பந்தயத்தில் அரை நொடி மிச்சம். பந்தயமில்லாத சாலையில் நாம் அந்த அரை நொடியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்று யாரேனும் கேட்டால் நேர்மையான விடை ஒன்றுதான்: பொருந்தும்போது நன்றாக இருக்கிறது. இதைத் தந்தையாரிடம் சொல்ல நா எழவில்லை, அவரும் கேட்கவில்லை.

வண்டியில் ஏறுமுன் கதவைத் திறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, ஆக்சிலேட்டரின் மேல் முடுக்கியிருந்த தகட்டை விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

“பிரேக்குல கை வச்சானா அவன்?”

“இல்லப்பா. ஆக்சிலேட்டரை மட்டும்தான்.”

“சரி” என்றார். இருக்கையில் அமர்ந்து, கதவைத் தாமே சாத்திக்கொண்டார்.